கண் அழுத்த நோயும் கெட்டுப்போகும் நித்திரையும்

“ஐயாவுக்கு இரவில் நித்திரையே இல்லை. பகலில் கதிரையில் இருந்தபடி தூங்கி விழுகிறார். ஏதும் கேட்டால் எரிந்து விழுகிறார்.” கண் அழுத்த நோயாளர் உள்ள வீடுகளுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. காணி பூமியை விட்டு வந்த கவலை, வயது, பிடிவாதம் என்று வீட்டார் காரணம் சொல்வார்கள். கவலை உண்மைதான். ஆயினும் இன்னொரு காரணம் அவருடைய கண்ணிலேயே இருக்கக்கூடும். இப்பாடத்தில் அதனை நோக்குவோம்.

குளுக்கோமா எனப்படும் இந்நோயை விவசாயிகளாகிய உங்களுக்கு விளக்குவது சுலபம். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாது ஊறி, நுண்ணிய வடிகால் ஒன்றின் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. குளத்துக்கு நீர் வரத்து நிற்காதிருக்கத் துருசு அடைத்துக்கொண்டால் கட்டுக்கு என்ன நேரும்? கண்ணிலும் அதுவே நேர்கிறது. வழமையாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும் அழுத்தம் உயர, கண்ணின் பின்னாலுள்ள பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பழுதடைகிறது. (அழுத்தம் உயராமலே நரம்பு பழுதடைபவர்களும் உண்டு.) பெரும்பாலானோருக்கு நோவு இல்லை. முதலில் பக்கப் பார்வை குறையும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோயாளி அறியமாட்டார். வெண்புரையைப் போல சத்திரசிகிச்சை செய்து இழந்த பார்வையை மீட்க முடியாது. எஞ்சியதைக் காக்க முடியும், துளிமருந்து அதற்காகத்தான்.

இனி நித்திரைக்கு வருவோம். கண் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. விழித்திரையிலுள்ள நரம்புக் கலங்களுள் மிகச் சில, தாமே ஒளியை உணர்ந்து, இப்போது பகலா இரவா என்று மூளைக்கு அறிவிக்கின்றன என்பதை 2002 ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். அந்தச் செய்தியைக் கொண்டே மூளையிலுள்ள மணிக்கூடு சரிசெய்யப்படுகிறது. இருள் சூழும்போது மெலற்றோனின் என்னும் சுரப்பு கூடி உடலை நித்திரைக்கு ஆயத்தப்படுத்துகிறது. கண் அழுத்த நோய் அழிப்பது இந்த நரம்புக் கல வகையையே. நோய் முற்றியவரின் மூளைக்குப் பகல் வந்த செய்தி சரியாக எட்டுவதில்லை. ஆகவே இரவில் விழிப்பும் பகலில் தூக்கமும் அவருடைய குற்றமன்று.

மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கும் அசற்றசோலமைட் குளிசை சிறுநீரைக் கூட்டும், விரல்களை விறைக்கப்பண்ணும். இரவில் குடித்தால் பலமுறை எழும்ப வேண்டிவரும். பிரிமோனிடின் துளி சிலருக்குப் பகலில் தூக்கத்தைத் தரும். இதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எந்நேரத்தில் எடுப்பது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். பெருங்குறட்டை விட்டு, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருபவராயின் அதையும் சொல்லுங்கள்.

மனதின் பாரத்தை இடம்பெயர்ந்தவர்கள் கூடுதலாக அறிவார்கள். சொந்த வளவில் கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் எத்தனை எட்டு என்பது காலுக்கே தெரியும். புதிய இடத்தில் கொட்டிலின் கயிறு தடக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் சைக்கிள் பக்கத்தால் வருவது தெரியாது. இரண்டு தரம் விழுந்தவர் மூன்றாம் தரம் வெளியே போகமாட்டார். எமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். பெருமைக்காரர் என்று கதைத்தார்கள். பொழுதுபட்டபின் திரும்பி வரும் பாதை தெரியாது என்பதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டிருந்தார். விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்திருந்து, “முழுக்கக் குருடாகிவிட்டால் என்னை யார் பார்ப்பது?” என்று யோசிப்பவருக்கு மனம் சோரும். சோர்ந்தவர், “விட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை” என்று துளிமருந்தைக் கைவிடுவார். அந்தப் பெரியவரும் சில மாதங்கள் அப்படித்தான் விட்டிருந்தார். அந்த மாதங்களில் போன பார்வை போனதுதான். எமக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது, வீட்டில் எவரும் அவரைக் கேட்கவில்லை என்பதே.

செய்யக்கூடியவை சில உண்டு. காலையில் அவரைக் கொட்டிலின் இருட்டுக்குள் இருக்க விடாதீர்கள். கதிரையை வெளியே போட்டு இளவெயிலில் ஒரு மணித்தியாலமாவது இருக்கச் செய்யுங்கள்; நடந்தால் இன்னும் நல்லது. மீதமுள்ள கலங்களுக்குக் கூடிய ஒளி கிடைத்தால் மணிக்கூடு ஓரளவு சீராகக்கூடும். இரவில் வெளிச்சத்தையும் கைத்தொலைபேசியையும் குறையுங்கள். பின்னேரத்துக்குப் பின் தேத்தண்ணீர் வேண்டாம். படுக்கும்போது கண் அழுத்தம் சற்று உயரும் இயல்புடையது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது சிலருக்கு உதவும். பழுது கூடிய கண்ணைத் தலையணையில் அழுத்திப் படுக்க வேண்டாம். மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கயிற்றைக் கட்டி, மண்வெட்டி, வாளிகளை அப்புறப்படுத்துங்கள்.

நித்திரைக்கென்று கடையில் குளிசை வாங்கிக் கொடுப்பதை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். தடிமனுக்குக் குடிக்கும் பிரிற்றன் போன்றவைகூட, வடிகால் ஒடுங்கிய கண்ணில் அழுத்தத்தைச் சடுதியாக ஏற்றிவிடலாம். கண் சிவந்து, கடுமையாக நொந்து, வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிந்தால் விடியும்வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கிளினிக்கில் கண்ணைப் பற்றி மட்டும் கேட்பார்கள். நித்திரையையும் மனச்சோர்வையும் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. “இருந்து என்ன பயன்” என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அவரைத் தனியே விடாது அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைக் கதையுங்கள். முன்பு வந்து இப்போது வராதவர் யார் என்று பாருங்கள். அவரைக் கூட்டிவர ஒருவரைப் பொறுப்பாக்கி, கூட்டத்தைப் பொழுதுபட முன் முடியுங்கள். நோயாளியின் சகோதரரும் 40 வயது கடந்த பிள்ளைகளும் கண்ணைச் சோதிக்க வேண்டும். இந்நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருவது. இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் புதிய கொப்பி போட்டு இலவசமாகவே பார்ப்பார்கள்; பாவிக்கும் துளிமருந்தின் போத்தலை, வெறும் போத்தலாயினும், கையோடு கொண்டு போங்கள்.