வெறும் பேச்சா?

சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. பெயரை மட்டும் கேட்டுவிட்டு மலையாள மொழி என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு!

வழியில் இருவர் எதிர்ப்படுகின்றனர். ‘சாப்பிட்டியா?’ ‘சாப்பிடாமலா?’ இதில் செய்தி எதுவுமில்லை. டிரோபிரியாண்டுத் தீவினரிடம் இத்தகைய பேச்சைக் கண்ட மானிடவியலறிஞர் மலினோவ்சுகி, இது கருத்தை உணர்த்த அன்று, உறவைப் பிணைக்கவே பேசப்படுவது என்று 1923இல் எழுதினார். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கூறிவிட்டார் என்பது நோக்கத்தக்கது. ‘சாப்பிடாமலா?’ என்பது அதற்கு நல்ல சான்று.

புறப்பட்டவரை ‘எங்கே?’ என்று கேட்டால் காரியம் கெடும் என்பது தமிழர் நம்பிக்கை. எனவே ‘தூரமா?’ என்பர். ‘இப்படித்தான், சந்தை வரைக்கும்’ என்றால் போதும். அதற்குமேல் துருவுவது பண்பன்று.

பேச்சு வழக்கை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பாட்டையும் பழமொழியையும் கதையையுமே நாடுகின்றனர். இதனைப் பொருட்படுத்துவோர் குறைவு. கீழே இறங்கிப் படிக்க வரும் பிள்ளைகளின் நாவில் இது மாறிவிடவும் கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மலை மாணவர்கள், யார் யாரை என்ன முறை சொல்லி அழைத்தார், என்ன கேட்டார், என்ன விடை வந்தது என்று நாளுக்குப் பத்து வரி எழுதி வரலாம்.