இருமொழிகளுக்கிடையே ஒரு படைப்பாளர்

கென்யா நாட்டின் லிமுரு பகுதியில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் கூகி வா தியாங்கோ. அவருடைய தாய்மொழி கிகூயு. பகலில் வயலில் உழைத்த மக்கள், இரவில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து சொன்ன விலங்குக் கதைகளைக் கேட்டு அவர் வளர்ந்தார். தொடக்கப் பள்ளியிலும் அம்மொழியே ஒலித்தது.

1952இல் ஆங்கிலேய அரசு நெருக்கடிநிலையை அறிவித்தது. அதன்பின், கிகூயு மக்கள் நடத்திய பள்ளிகள் அரசின் பிடிக்குள் வந்தன, ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. பள்ளி வளாகத்தில் கிகூயு பேசிய மாணவர்கள் பிரம்படி பெற்றனர். தம்மை 'அறிவிலி' என இழித்துரைக்கும் தகட்டைக் கழுத்தில் அணியவும் நேர்ந்தது. வீட்டில் அறிவூட்டிய மொழி, பள்ளியில் குற்றமாயிற்று.

கூகி ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றார். 1964இல் வெளிவந்த தம் முதல் புதினத்தையும் அம்மொழியிலேயே எழுதினார். ஆயினும், எந்த உழவர்களின் வாழ்வை எழுதினாரோ, அவர்களுள் பலரால் அதனைப் படிக்க இயலவில்லை. இவ்விடைவெளியை உணர்ந்த அவர், 1977இல் ஊர்மக்களோடு இணைந்து கிகூயு மொழியில் நாடகம் அரங்கேற்றினார். விடுதலை பெற்ற கென்யாவின் அரசு அதனைத் தடைசெய்து, விசாரணையின்றி அவரைச் சிறையிலடைத்தது. அங்குக் கழிவறைத்தாளில் கிகூயு மொழியில் ஒரு புதினம் எழுதினார். பின்னர்த் தாமே அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஆங்கிலம் கற்றதனால் அவருக்கு இழப்பில்லை. தாய்மொழியை இழிவாக எண்ணப் பழக்கியதே இழப்பு. ஒரு மொழியைக் கற்க மற்றொன்றைத் துறக்க வேண்டியதில்லை என்பதற்கு அம்மொழிபெயர்ப்பே சான்றாகும்.