பாக்கியைக் குறைத்து வாங்கினால் கணக்குத் தீர்ந்ததா?

நம் வியாபாரிகளிடையே வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். "மீதியை விட்டுவிட்டேன் தம்பி, கணக்கு முடிந்தது" என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னால், அத்துடன் பேரேட்டில் கோடு போட்டுவிடுவோம். அந்த வார்த்தை கோர்ட்டில் நிற்குமா? மலேசியாவில் ஒரு விடை, சிங்கப்பூரில் வேறு விடை. இரு கரையிலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் நாம் இதை அறிந்திருப்பது அவசியம்.

முதலில் "பிரதிபலன்" என்பது யாதெனப் பார்ப்போம். ஒருவர் தரும் வாக்குக்கு ஈடாக மற்றவர் கொடுப்பது, செய்வது அல்லது செய்யாமல் விடுவது எதுவோ அதுவே பிரதிபலன். பழைய பத்திரங்களில் பிரதிப்பிரயோஜனம் என்று எழுதுவார்கள். அரிசி மூட்டைக்குப் பணம் பிரதிபலன். பணத்துக்கு அரிசி மூட்டை பிரதிபலன். நம் கடையை விஸ்தரிக்க 5,000 வெள்ளி தருவதாக ஒரு நண்பர் சும்மா சொல்லிவிட்டுத் தராமற்போனால், அதற்காக வழக்காட முடியாது. அதற்கு ஈடாக லாபத்தில் பங்கு தர நாம் ஒப்பியிருந்தால் வழக்காடலாம்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது. பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் 26ஆம் பிரிவு. விலக்குகள் மூன்று உண்டு. ஒன்று, நெருங்கிய உறவினர் அன்பினால் எழுத்தில் செய்து, சட்டப்படி தேவையான பதிவும் செய்த ஒப்பந்தம். இரண்டு, நமக்காக ஒருவர் தாமாகவே முன்பு செய்த உதவிக்கு ஈடு தருவதாகச் சொன்ன வாக்கு. மூன்று, காலங்கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்கு. ஈடு சமமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் 10,000 வெள்ளிச் சரக்கை 100 வெள்ளிக்கு விற்றதாகச் சொன்னால், விற்றவர் மனமொப்பி விற்றாரா என்று கோர்ட்டு பார்க்கும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 10,000 வெள்ளி பாக்கிக்கு 7,000 வாங்கிக்கொண்டு, மீதியை விட்டதாகச் சொல்கிறோம். அந்த 3,000 வெள்ளிக்குக் கடனாளி தந்த ஈடு எது? ஒன்றுமில்லை. ஆகவே மீதியைப் பின்னால் கேட்கலாம் என்பது இங்கிலாந்தின் பழைய விதி. 1602ஆம் ஆண்டு வழக்கொன்றில் சொல்லப்பட்டது. 1884இல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. தவணையில் கட்டினால் மேல்நடவடிக்கை இல்லை என எழுதிக் கொடுத்த ஒரு மாது, சுமார் 2,090 பவுன் முழுதும் வந்தபின் வட்டி கேட்டார்; வென்றார்.

மலேசியாவில் இவ்விதி இல்லை. கடன் கொடுத்தவர் மனமொப்பிக் குறைத்து வாங்கினால் கடன் தீர்ந்தது என்கிறது 64ஆம் பிரிவு. 1966இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த வழக்கில், 8,000 வெள்ளிக்கு மேற்பட்ட கடனுக்குக் கடனாளியின் மகன் 4,000 வெள்ளிக் காசோலை அனுப்பி, "முழுத் தீர்வாக ஏற்பீர், இல்லையேல் திருப்பி அனுப்புவீர்" என எழுதியிருந்தார். கடன் கொடுத்தவரின் வழக்கறிஞர்கள் அதை மாற்றிக்கொண்டனர். மீதியைக் கேட்க வழியில்லை என்று தீர்ப்பாயிற்று.

சிங்கப்பூரிலோ ஆங்கிலப் பொதுச்சட்டமே அடிப்படை. 2009இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரதிபலன் விதியின் குறைகளை விரிவாக அலசியது. ஆயினும் விதி நிலைத்தே இருக்கிறது. வாக்கை நம்பி நடந்த கடனாளிக்கு நியாயத்தின் பேரில் கோர்ட்டு சிலவேளை உதவலாம். அதை நம்பி இருப்பது புத்திசாலித்தனமாகாது.

ஆதலின் நாம் கவனிக்க வேண்டியவை இவை. சிங்கப்பூரில் தள்ளுபடி பெறுபவர் ஏதேனும் ஒரு ஈடு தரட்டும்: கெடுவுக்கு முன்பே பணம் கட்டலாம், பணத்தோடு சிறிது சரக்கும் தரலாம். அல்லது வழக்கறிஞரைக் கொண்டு முறைப்படி விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். முறையான பத்திரத்துக்குப் பிரதிபலன் தேவையில்லை. மலேசியாவில் பணம் வரவேண்டியவர், "முழுத் தீர்வு" என்ற கடிதத்துடன் வரும் காசோலையை யோசியாமல் வங்கியில் போடலாகாது. இரு நாட்டு வியாபாரமானால், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை முதலிலேயே எழுதிவிடுவது நலம்.

விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. அதைத் தெளிவாக எழுதி வைத்தால், நமக்குப் பின் கடையை நடத்தும் பிள்ளைகள் கோர்ட்டுப் படி ஏறவேண்டி வராது.