மண்ணில் வாழும் நுண் நாவாய்ப்பூச்சிகள்: முக்கியக் குறிப்புகள்

ஹெமிப்டீரா வரிசையை அசுவினி, தத்துப்பூச்சி, மூட்டைப்பூச்சியோடு படித்து முடித்துவிடுகிறோம். இலைச்சருகுக்கு அடியில் வாழும் நுண் நாவாய்ப்பூச்சிகளான ஷிசாப்டெரிடே குடும்பத்தையும் சேர்த்துப் படியுங்கள். அந்த வரிசையின் அடிப்படைப் பண்புகள் அப்போதுதான் உறுதியாகப் பிடிபடும்.

● வகைப்பாடு: கணுக்காலிகள் தொகுதி, பூச்சிகள் வகுப்பு, ஹெமிப்டீரா வரிசை, ஹெட்டிராப்டிரா துணைவரிசை, டிப்சோகோரோமார்பா உள்வரிசை. ஹெட்டிராப்டிராவில் உள்வரிசைகள் 7.

● உடல் நீளம் பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. ஈரமான சருகு, பாசி, மேல்மண் ஆகியவை வாழிடம்.

● அதிகம் குழப்பும் இடம் இது. பல இனங்களில், குறிப்பாகப் பெண்பூச்சிகளில், முன்சிறகு தடித்து மேடாகி வயிற்றை மூடியிருக்கும். பார்த்தால் வண்டு என்றே தோன்றும். சிறகை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். வண்டுக்குக் கடித்து மெல்லும் தாடைகள். இவற்றுக்குக் குத்தி உறிஞ்சும் அலகு. வளர்ச்சியும் வேறு: வண்டுக்குக் கூட்டுப்புழுப் பருவம் உண்டு, இவற்றுக்கு இல்லை. முட்டை, இளம்பூச்சி, முதிர்பூச்சி என மூன்றே நிலைகள். இது முழுமையற்ற உருமாற்றம்.

● அதே சருகில் கொலம்போலாக்கள் என்னும் சிறு கணுக்காலிகளும் துள்ளும். அவை வயிற்றடியில் மடிந்திருக்கும் கவட்டை உறுப்பை விசையோடு விடுவித்துத் துள்ளுகின்றன. நுண் நாவாய்ப்பூச்சிகள் பின்னங்கால்களால் தாவுகின்றன. கொலம்போலாக்களுக்கு எந்தப் பருவத்திலும் சிறகு இல்லை. இன்றைய வகைப்பாட்டில் அவை பூச்சிகள் வகுப்பிலும் இல்லை.

● ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகள் இடமும் வலமும் ஒத்திராதவை. இனங்களைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது இந்தப் பண்பைத்தான்.

● உணவு: சிறு கணுக்காலிகளை உறிஞ்சும் இரைகொல்லிகள் என்று கருதப்படுகிறது. நேரில் கண்டு பதிவானது மிகக் குறைவு.

● சேகரிக்கும் கருவி பெர்லீஸ் புனல். இத்தாலியின் அந்தோனியோ பெர்லீஸ் 1905-இல் அமைத்தார். சுவீடனின் டல்கிரென் 1918-இல் மின்விளக்கைச் சேர்த்தார். மேலிருந்து வெப்பம் பட்டுச் சருகு உலர உலர, உயிரிகள் ஈரம் தேடிக் கீழே இறங்கிக் குப்பியில் விழும்.

● புதைபடிவம்: மியான்மர் அம்பர், கிரெட்டேசியஸ் காலம், சுமார் 9.9 கோடி ஆண்டுகள்.

● பாசியில் வாழும் பாசிப்பூச்சிகளும் (பெலோரிடிடே) ஹெமிப்டீராவே; ஆனால் ஹெட்டிராப்டிராவில் சேராதவை, துணைவரிசை கோலியோரிங்கா. முதல் இனம் 1897-இல் விவரிக்கப்பட்டது. சிலி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூ கலிடோனியாவில் மட்டும் உள்ள இவை பண்டைப் பெருங்கண்டமான கோண்டுவானாவின் எச்சங்களாகக் கொள்ளப்படுகின்றன. கோண்டுவானாவின் பகுதிகளே ஆயினும், ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இவை இல்லை.