சிப் மாறினாலும் ஓடும் லினக்ஸ்

கோவிலம்பாக்கம்

அன்பு மருமகனுக்கு,

உன் லேப்டாப்பில் நீயே தொகுத்த லினக்ஸ் நன்றாக ஓடியது, அதையே எஸ்டி கார்டில் ஏற்றி ராஸ்பெர்ரி பையில் போட்டால் அசையவே இல்லை என்று எழுதியிருந்தாய். கோளாறு கார்டிலும் இல்லை, போர்டிலும் இல்லை. உன் லேப்டாப்பில் இருப்பது எக்ஸ்86 வகைப் பிராசஸர், பையில் இருப்பது ஆர்ம். ஒன்றின் கட்டளைகள் மற்றதற்குப் புரியாது. அதனால் உருவாகி முடிந்த பைனரியை போர்டுக்கு போர்டு சுமந்து திரியாதே. எந்தப் பிராசஸருக்கும் அதை மறுபடி உருவாக்கித் தரும் செய்முறையைக் கையில் வைத்துக்கொள்.

இதற்கான நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேளச்சேரியைத் தாண்டினால் வரும் ஐஐடி மெட்ராஸில், பேராசிரியர் காமகோடியின் வழிகாட்டுதலில் சக்தி பிராசஸர் உருவானது. அந்த வரிசையில் வந்த ரைஸ்கிரீக் சிப் இன்டெல்லின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாராகி, 2018-இல் லினக்ஸை பூட் செய்தது. அதற்காக யாரும் புதிதாக ஓர் இயங்குதளத்தை எழுதவில்லை. சக்தி பின்பற்றுவது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை. அந்தத் தொகுப்புக்கான ஆதரவு 2017-இல் ஜிசிசி கம்பைலரிலும், 2018 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15 கெர்னலிலும் சேர்ந்திருந்தது.

இத்தனைக்கும் 1991-இல் பிறந்தபோது லினக்ஸ் இன்டெல் 386-க்கென்றே எழுதப்பட்டது. மற்ற பிராசஸர்களுக்குப் போகப் போக, அதன் மூலநிரலில் ஓர் ஒழுங்கு வந்தது. பிராசஸரைச் சார்ந்த நிரலெல்லாம் 'ஆர்ச்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும். ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், ஷெட்யூலர் எல்லாம் வெளியே, எல்லாருக்கும் பொது. புதிய பிராசஸர் வந்தால் பெரும்பாலான வேலை அந்த ஃபோல்டரோடு முடிந்துவிடும். உன் சிஸ்டத்தையும் இப்படியே கட்டு.

முதலில் பில்ட்ரூட் என்ற கருவியைப் பழகு. எந்தப் பிராசஸர், எந்த சி லைப்ரரி, எந்தெந்த மென்பொருள் என்று நீ தேர்ந்தெடுப்பதெல்லாம் ஒரே கான்ஃபிக் கோப்பில் பதிவாகும். கிராஸ் கம்பைலர் தொடங்கி கெர்னல் வரை அனைத்தையும் உன் லேப்டாப்பிலேயே அது உருவாக்கித் தரும். ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி அவுட்புட் ஃபோல்டர் கொடு. ஒன்றில் கம்பைல் ஆனது இன்னொன்றில் கலந்தால் காரணம் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். உருவான இமேஜுக்குள் போய்க் கையால் எதையும் திருத்தாதே. திருத்தம் கான்ஃபிக்கில் ஏறாவிட்டால் அடுத்த பில்டில் காணாமல் போகும்.

அடுத்தது டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு. லேப்டாப்பில் என்னென்ன வன்பொருள் இருக்கிறதென்று கெர்னல் பெரும்பாலும் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். சின்ன போர்டுகளில் அது முடியாது. சீரியல் போர்ட் எந்த முகவரியில் இருக்கிறது, நினைவகம் எவ்வளவு என்றெல்லாம் இந்தக் கோப்புதான் அதற்குச் சொல்ல வேண்டும். போர்டு மாறினால் இதை மாற்று, உன் நிரலில் கை வைக்காதே.

கம்பைல் ஆகிவிட்டதாலேயே நிரல் சரி என்றும் நம்பிவிடாதே. சி மொழியில் கெட்கேர் என்ற ஃபங்ஷன் தரும் எழுத்தை ஒரு 'கேர்' வகை மாறியில் வாங்கி, கோப்பு முடியும்வரை படிக்கும் லூப்பை நிறையப் பேர் எழுதுகிறார்கள். கோப்பு முடிந்தது என்பதற்கான அடையாளம் மைனஸ் 1. எக்ஸ்86 லினக்ஸில் அந்த மாறி மைனஸ் எண்ணை ஏற்கும், லூப் நின்றுவிடும். ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் அதே மாறி மைனஸை ஏற்காது. மைனஸ் 1 அங்கே 255 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது. மாறியை 'இன்ட்' என்று அறிவித்தால் எங்கும் சரியாக ஓடும். லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்தவனுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

போர்டு வாங்கப் பணமில்லையே என்று தயங்காதே. கியூஇஎம்யூ என்ற மென்பொருள் ஆர்மையும் ரிஸ்க்-ஃபைவையும் உன் லேப்டாப்பிலேயே பாவித்துக் காட்டும். வேகம் குறைவாக இருக்கும், பிழை தப்பாது.

முதலில் ஒன்றுக்குக் கட்டி முடிப்போம், மற்றதைப் பிறகு சேர்ப்போம் என்று மட்டும் நினைக்காதே. அந்தப் 'பிறகு' வருவதற்குள் உன் நிரல் முழுக்க ஒரே சிப்பின் பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும். முதல் நாளிலிருந்தே எக்ஸ்86-க்கும் ரிஸ்க்-ஃபைவுக்கும் சேர்த்துக் கட்டு. இரண்டில் சரியாக ஓடுவதை மூன்றாவதற்குக் கொண்டுபோவது பெரிய வேலையாக இருக்காது.

அன்புடன்,
மாமா