தினமும் நடக்கிறார், அது போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போகிறார். ஆனால் சாப்பாட்டுக்கு அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் முடியாது. கேட்டால், "அதான் நடக்கிறேனே!" என்கிறார். மாமனாருக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அதனால் பயமாக இருக்கிறது டாக்டர். நடை மட்டும் போதுமா?

- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நடையை அவர் விடவே கூடாது. வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடக்கிறார் என்றால் அந்த அளவைத் தாண்டிவிடுகிறார். ஆனால், மீதி நாள் எப்படிப் போகிறது என்பதும் இதயத்துக்கு முக்கியம்.

லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து, 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் முடிவுகளை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. உங்கள் கணவரும் அரை மணிக்கொருமுறை எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால், ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது உப்பு. அது உடலில் நீரைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் உச்சவரம்பு. ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் பலகாரத்தில் இருப்பதும் இதில் சேர்த்தி. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தாலே உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம். குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். ஊறுகாய்க்குப் பதில் எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை கைகொடுக்கும்.

அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் மகனுக்கும் அபாயம் கூடுதல். ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பரிசோதியுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமலே இவை ஏறியிருக்கலாம். குடும்ப வரலாற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

நடக்கும்போது நெஞ்சில் பாரம் தெரிந்து, ஓய்வெடுத்ததும் விட்டுவிட்டாலும், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பாரம் விடாமல் இருந்தாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவி வியர்த்தாலோ, வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.