மசித்த உருளைக்கிழங்கு: தில்லிக் கோடையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தில்லித் தமிழர் வீட்டில் ஞாயிறு காலை தோசைக்கு மசால், பள்ளி நாளில் டிபன் பாக்ஸுக்கு ஆலு பராட்டா, மாலையில் டிக்கி. மூன்றுக்கும் முதல் வேலை உருளைக்கிழங்கை வேகவைத்து மசிப்பதுதான். முந்தின இரவே மசித்து வைத்தால் காலை அவசரம் பாதி குறையும். ஆனால் இரவு முழுக்க அது ஃபிரிட்ஜில் இருந்ததா, அடுப்பு மேடையில் இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும்.

மண்ணில் விளையும் கிழங்கோடு பாசிலஸ் சீரியஸ் போன்ற கிருமிகளின் வித்துகளும் ஒட்டி வரும். கொதிக்கவைத்தாலும் எல்லா வித்தும் சாவதில்லை. மசிக்கும்போது கை, கரண்டி வழியாக வேறு கிருமிகளும் சேரலாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இவை பெருகும். மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊரில், சமையலறை மேடை முழுவதும் அந்தச் சூடுதான்.

செய்ய வேண்டியவை

• பருவம் பார்த்து வாங்குங்கள். குளிர்காலத்துப் புதுக் கிழங்கில் நீர் அதிகம். பூரணம் இளகிப் பராட்டா கிழியும். கோடையில் ஆஸாத்பூர் மண்டி வழியாக வருவதில் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்கில் இருந்த கிழங்கு. கடுங்குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால்தான் அதில் சில இனிக்கின்றன.

• வேகவைக்கும் முன் மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். தோலோடு முழுசாக வேகவிட்டால் நீர் உள்ளே இறங்காது.

• வெந்ததும் நீரை வடித்து, ஆவி அடங்கியதும் சூட்டோடு மத்தால் மசியுங்கள். ஆறிய கிழங்கு கட்டி கட்டியாக நிற்கும்.

• எடுத்து வைக்க வேண்டியதை அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, புழுதி விழாமல் மெல்லிய துணியால் மூடி, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். சூடு தணிந்ததும் மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கெடு.

• வெறும் மசியலை மூன்று நாளுக்குள் முடியுங்கள். வெங்காயம், கொத்தமல்லி, பால் சேர்த்திருந்தால் மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது.

• சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். 74 டிகிரி என்பது கணக்கு. மைக்ரோவேவில் வைத்தால் பாதியில் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

• பள்ளிக்கு ஆலு பராட்டா கொடுத்தனுப்பினால், கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஹாட்பேக்கில் வையுங்கள். ஏப்ரல் வெயிலிலும் ஜூலை புழுக்கத்திலும் சாதா டப்பா என்றால், பூரணம் வைக்காத சப்பாத்தியே போதும்.

செய்யக்கூடாதவை

• மசியலைப் பெரிய பாத்திரத்தில் அமுக்கி, சுடச்சுட மூடி வைக்காதீர்கள். மேலே ஆறினாலும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு நிற்கும். கிருமிக்கு அதுவே வசதி.

• மிக்ஸியில் அரைக்காதீர்கள். மாவுச்சத்து வெளியேறிப் பசை போல் இழுக்கும்.

• பச்சை படர்ந்த, கசக்கும் கிழங்கைச் சமைக்காதீர்கள். அதிலுள்ள சோலனைன் வேகவைத்தாலும் போகாது. சிறு முளை என்றால் ஆழமாகத் தோண்டி எடுத்துவிடலாம். முளை நீண்டு சுருங்கியதைக் குப்பையில் போடுங்கள்.

• பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இனிப்பு ஏறும், பொரித்தால் கருகும். வெங்காயக் கூடையிலும் சேர்க்காமல், இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

• ஃபாயில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே வெளியில் விடாதீர்கள். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகர உணவகம் ஒன்றில் இப்படி விட்ட கிழங்கைக் கொண்டு செய்த தொட்டுக்கையால் 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வந்தது. காற்றுப் புகாத ஃபாயிலுக்குள் அதன் கிருமி வளர்ந்திருந்தது.

• மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதற்கு மேல் போனால் மசியலைக் கொட்டிவிடுங்கள்.

• ஊசிப்போனதா என்று நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். நூல் விடாமலும், வாடை வராமலும் நஞ்சு இருக்கலாம். பாசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. இரவெல்லாம் மேடையில் இருந்ததைக் காலையில் டிக்கியாகப் பொரித்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

• கடைவீதியில் டிக்கி வாங்கினால், ஓரத்தில் ஆறிக் கிடப்பதை வாங்காதீர்கள். கண்ணெதிரே தவாவில் மொறுமொறுவென்று சிவந்ததைக் கேளுங்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால்

சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி வரலாம். பேதி சற்றுத் தாமதமாகவும் தொடங்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, நாக்கு குழறினாலோ, நேரம் காலம் பாராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சமைத்தது, எங்கே வைத்திருந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையை உடனே தொடங்க அது உதவும்.